ஓமனில் ஒரு பகலில் போய்வரும் ஆஃப்ரோடு பாதைகள்: எப்படித் தேடுவது, எதை ஒதுக்குவது

கேள்வியின் சுருக்கம் இது. டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஒரு வாரம் ஓமன். மஸ்கட்டில் நான்கு இரவு, நிஸ்வாவில் மூன்று இரவு. போவது ஓய்வுக்கு. நடுவில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், காலையில் கிளம்பிச் சாயங்காலம் அறைக்குத் திரும்பும்படி, மலைப்பாதையும் மணலும் பார்க்க வேண்டும். ஓட்டுபவருக்கு ஊட்டி, கொல்லிமலைச் சாலைகள் பழக்கம், ஆஃப்ரோடு புதிது. நல்ல பாதைகளை எங்கே தேடுவது, எந்தத் தகவலை நம்புவது?

ஓமனில் பாதைக்குப் பஞ்சமே இல்லை. ஹஜர் மலைத்தொடர் முழுக்க ஊர்களை இணைக்கும் மண்பாதைகள்தான். அதனால் தேடலை வரைபடத்தில் தொடங்காதீர்கள், கடிகாரத்தில் தொடங்குங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்குக்குள் மூன்றரைக்கே நிழல் விழும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே பெரும்பாலும் இரண்டு மணி நேரம். மூன்றரைக்குள் தார்ச்சாலையைத் தொட்டாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். சாப்பாடு, போட்டோ, பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவது எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் போய்விடும். மிச்சம் மூன்றரை. கல்லும் ஏற்றமும் உள்ள பாதையில் சராசரி வேகம் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர்தான். ஆக உச்ச வரம்பு 50, 60 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுபவருக்கு 30, 35 கிலோமீட்டர் போதும். போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்த்த கணக்கு இது. இந்த வரம்புக்குள் வராத பாதை எவ்வளவு அழகானாலும் ஒரு பகல் பயணத்துக்கு ஆகாது. விடுமுறை கெட்டுப்போவது பெரும்பாலும் இருட்டில் இறங்கி வரும்போதுதான்.

இனி தேடும் முறை.

கூகுள் மேப்பை ஊர்களுக்கு இடையே உள்ள தார்ச்சாலைக்கு மட்டும் நம்புங்கள். மண்பாதைக்கும் நல்ல சாலைக்கும் அது சரியாக வித்தியாசம் காட்டாது. நிஸ்வாவிலிருந்து மலைக்கு வடக்கே உள்ள ருஸ்தாக்குக்கு வழி கேட்டால், தூரம் குறைவு என்று மலையைத் தாண்டும் பாதையில் ஏற்றிவிடக்கூடும். சாதாரணக் காரில் வந்தவர்கள் அந்த இறக்கத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு மேல். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்ற செயலிகள் அந்தத் தரவைத்தான் பயன்படுத்துகின்றன. ஓமன் முழுவதையும் அறையின் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மண்பாதைகளுக்கு அதில் கிரேடு 1 முதல் கிரேடு 5 வரை ஒரு தரம் குறிக்கப்பட்டிருக்கும். 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் பொதபொதவென்ற மண். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது: அந்த எண் தரையின் உறுதியைத்தான் சொல்கிறது, ஏற்றத்தைச் சொல்வதில்லை. கிரேடு 2 என்று போட்ட பாதை சுவர் போல நிமிர்ந்து நிற்கலாம். ஏற்றத்தை நீங்களேதான் கணக்கிட வேண்டும். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து, பாதையின் மேல் கோடு வரைந்து, உயர வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 கிலோமீட்டரில் 1000 மீட்டர் ஏறினால் சராசரி 10 சதவீதம். ஆனால் அதற்குள்ளேயே 400 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறும் துண்டு ஒன்று இருந்தால், அந்த இடத்தில் 25 சதவீதம். முதல் பயணத்துக்கு எந்தத் துண்டும் 20 சதவீதத்தைத் தாண்டாத பாதையாக எடுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கும் வசதியும் உண்டு. ஓமனுக்கு அது மிகவும் முக்கியம். 2007 ஜூனில் வந்த கோனு புயலும், 2021 அக்டோபர் தொடக்கத்தில் வந்த ஷாஹீன் புயலும் பல பாதைகளை அடியோடு அரித்துக்கொண்டு போயின. ஷாஹீன் கரையேறியது ஓமனின் வடக்குக் கடற்கரையான பாத்தினாவில். ருஸ்தாக் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஆகவே அந்தப் பக்கத்துப் பாதை என்றால் 2021க்கு முந்தைய விவரத்தை ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். இதற்கு நேர்மாறான மாற்றமும் நடக்கிறது: மலைப்பாதைகளுக்குத் துண்டு துண்டாகத் தார் போட்டுக்கொண்டே வருகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் கடினம் என்று எழுதப்பட்டது இன்று குடும்பக் கார் போகும் சாலையாக இருக்கலாம்.

செயற்கைக்கோள் படத்தில் எதைத் தேடுவது? மின்கம்பங்களை. பாதையை ஒட்டிக் கம்பங்களின் நிழல் வரிசையாகத் தெரிந்தால், அந்த வழியில் ஒரு ஊர் இருக்கிறது, தண்ணீர் லாரி போகிறது, பள்ளி வண்டி போகிறது, மழைக்குப் பிறகு யாராவது வந்து பாதையைச் சீராக்குகிறார்கள் என்று அர்த்தம். கம்பம் இல்லாமல் வாதிக்குள் இறங்கி மறையும் கோடு, எப்போதோ யாரோ ஓட்டிய தடம். வாதி என்பது மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றுப் படுகை. அதன் நடுவே போகும் தடம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும். கொண்டை ஊசி வளைவுகளில் அகலத்தைப் பாருங்கள். ஒரு பெரிய ஜீப்பின் நீளம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர், வளைவில் பாதை அதைவிடச் சிறிதே அகலம் என்றால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திரும்ப முடியும்.

விக்கிலாக் போன்ற தளங்களில் மற்றவர்கள் பதிந்து வைத்த ஜிபிஎக்ஸ் தடங்கள், அதாவது வரைபடச் செயலியில் திறக்கக்கூடிய ஜிபிஎஸ் பதிவுகள், கிடைக்கும். தடத்தை இறக்கும் முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எந்த வருடம், எந்த மாதம் பதிந்தது. எந்த வாகனம்: மோட்டார் சைக்கிள் போன தடமும் நடந்து போன தடமும் அதில் கலந்து கிடக்கும். எந்தத் திசை: ஏறியதா, இறங்கியதா. கடைசியாக, தூரத்தை ஓடிய நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வந்தால் நிம்மதியான பாதை. 8 கிலோமீட்டர் வந்தால், எழுதியவர் எளிது என்று சொல்லியிருந்தாலும் அது எளிதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு, போகும் நாள் காலையில் கேட்க வேண்டியவர் அந்த ஊர்க்காரர். மலையடிவாரப் பெட்ரோல் பங்க்கில் நிற்கும் பிக்-அப் ஓட்டுநரைக் கேளுங்கள். ஓமனில் காபி ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிகள், நம்மூர்க்காரர்களும் உண்டு. மொழி ஒரு தடையே இல்லை. "போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு "போகலாம்" என்றுதான் பதில் வரும். "நேற்றோ இன்றோ மேலே இருந்து வண்டி இறங்கியதா? என்ன வண்டி?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்தையும்விடப் புதியது.

இந்த அளவுகோலில் தேறும் பயணங்கள் எவை என்று பார்ப்போம்.

முதல் நாளுக்கு வாதி மிஸ்தல், அதன் முடிவில் வகான் ஊர். மஸ்கட்டிலிருந்து நகல் என்ற ஊர் வழியாகப் போய், பிரதான சாலையிலிருந்து பிரிந்து மலையிடுக்கில் நுழைந்தால், சுற்றிலும் மலை சூழ்ந்த பெரிய கிண்ணம் போன்ற சமவெளி விரியும். அதன் கோடியில் மலைச்சரிவில் வகான். கடைசி ஏற்றம் மட்டும் செங்குத்து. லோ கியரை (வேகம் குறைந்து இழுவை கூடும் ஃபோர் எல் நிலை) போட்டு ஏறுவது எப்படி இருக்கும் என்று பழகுவதற்கு அளவான துண்டு. மேலே படிக்கட்டுகளும் வாய்க்கால்களும் அடுக்கு வயல்களும். பிப்ரவரி, மார்ச்சில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கும்போது வெள்ளிக்கிழமைகளில் அந்த ஏற்றத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். டிசம்பரில் அந்தத் தொல்லை இல்லை.

ஜபல் ஷம்ஸ், நிஸ்வாவில் தங்கும் நாளுக்கு. அல் ஹம்ரா தாண்டி, கூல் என்ற ஊரின் பாழடைந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே ஏறும் வழி. பெரும்பகுதி தார், நடுவில் சரளை. வாதி கூலின் விளிம்பு கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு செங்குத்தாகக் கீழே இறங்கும். பல இடங்களில் தடுப்பு கிடையாது, பிள்ளைகளின் கையை விடக் கூடாது. சரளையில் ஒரு தொல்லை உண்டு: பலகை பலகையாக அலை அடித்த தரை. வண்டி அதிரும்போது வேகமாகப் போனால் அதிர்வு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேகத்தில் டயர்கள் தரையைத் தொடும் நேரமும் குறைகிறது; வளைவில் பின்பக்கம் வழுக்கும். 30, 40 கிலோமீட்டரில் பொறுமையாகப் போங்கள். விளிம்பிலுள்ள அல் கிதைமிலிருந்து, டபிள்யூ 6 என்று பெயிண்டால் குறியிட்ட நடைபாதை, கைவிடப்பட்ட அஸ் ஸாப் குடியிருப்புக்குப் போகிறது. நடக்க விரும்பினால் அதற்கே அரை நாள் வேண்டும். அந்த நாளில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். டிசம்பரில் மேலே குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

எல்லாரும் ஆசைப்படுவது வாதி பனி அவ்ஃப். அவாபி, ருஸ்தாக் பக்கமிருந்து வாதிக்குள் நுழைந்து, பாம்புப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடுக்கைத் தாண்டி, பிலாத் சைத் ஊருக்குக் கிளை பிரிந்து, ஹாத் வழியாக ஏறி, சுமார் 2000 மீட்டர் உயரத்தில் ஷரஃப் அல் அலமைன் கணவாயைத் தொட்டு, மறுபக்கம் தார்ச்சாலையில் அல் ஹம்ராவுக்கு இறங்கும் வழி. ஓமனில் ஒரே ஒரு மலைப்பாதைதான் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கிலிருந்து தெற்காக, அதாவது கீழிருந்து மேலாகப் போங்கள். செங்குத்தான துண்டுகள் கணவாய்க்கு வடபுறம்தான் இருக்கின்றன. ஏறும்போது இன்ஜின் திணறினால் நிறுத்திக்கொள்ளலாம். இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் நிறுத்த வழியில்லை. இதை மஸ்கட்டிலிருந்து நிஸ்வாவுக்கு அறை மாற்றும் நாளோடு சேர்த்துவிடுவது நல்ல யோசனை: காலையில் மஸ்கட்டில் கிளம்பி, மலையைத் தாண்டி, சாயங்காலம் நிஸ்வாவில் அறை. திரும்பி வர வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் சாமான் எல்லாம் பின்னால் இருக்கும். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே பிள்ளைகளின் தலைமேல் வரும்.

அந்த முழுப் பாதை மனசுக்குத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அல் ஹம்ரா பக்கமிருந்து கணவாய் வரை தார்ச்சாலை இருக்கிறது. மேலே நின்று வடபுறம் முழுப் பாதையையும் நூல் கிடப்பது போலப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். காட்சியில் பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்துவிடும்.

பிலாத் சைத்தில் ஊருக்குள் வண்டியை ஓட்டாதீர்கள். வெளியே நிறுத்தி நடந்து போங்கள். பெண்களைப் படம் எடுக்க வேண்டாம். முழங்கால் மறைக்கும் உடை போதும். வயல்களுக்கு நடுவே ஓடும் ஃபலஜ் என்னும் வாய்க்கால்தான் அந்த ஊரின் உயிர். ஓமனின் ஐந்து ஃபலஜ்கள் 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பட்டியலில் இல்லாத சின்ன வாய்க்காலும் அந்த ஊருக்கு அவ்வளவே முக்கியம். அதன் கரையில் டயர் ஏறினால் கல் பெயர்ந்து தண்ணீர் வழி மாறிவிடும்.

நான்காவது, மணல். ஷர்கியா மணல்வெளி, வஹீபா என்று பழைய பெயர். மஸ்கட்டிலிருந்து மணல்வெளியின் ஓரத்து ஊரான பிதியா வரை ஏறக்குறைய 220 கிலோமீட்டர் நல்ல சாலை. மலைப்பாதைக்கு வார நாளில் போங்கள் என்றால், மணலுக்கு வெள்ளிக்கிழமை போங்கள். ஓமனில் வெள்ளியும் சனியும் விடுமுறை. மணலில் ஆட்கள் இருப்பார்கள், சிக்கினால் இழுத்துவிட ஒரு வண்டி கிடைக்கும். ஒற்றை வண்டியாக மணல்மேடுகளுக்குள் போகவே கூடாது. ஒரே வண்டிதான் என்றால், பாலைவன முகாம்களுக்குப் போகும் தேய்ந்த தடத்தை விட்டு விலகாமல் போய்த் திரும்புங்கள்; மேடுகளில் ஏறும் ஆசைக்கு முகாமின் ஓட்டுநரையே அமர்த்திக்கொள்ளலாம்.

மணலில் எல்லாமே டயர் காற்றுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலையில் 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 15க்கு இறக்க வேண்டும். காற்று இறங்கும்போது டயர் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில் அதிகம் படுக்கிறது. தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. வண்டியின் எடை பரவி, மணலைக் கிழித்துப் புதையாமல் மேலேயே மிதக்கிறது. வால்வு மூடியைக் கழற்றி, நடு ஊசியைச் சாவி நுனியால் அழுத்துங்கள். அரை நிமிடம் விட்டு அளவுமானியில் பாருங்கள், மறுபடி அரை நிமிடம். முதல் டயர் 15க்கு வர மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டால், மற்ற மூன்றுக்கும் அதே நேரம் அழுத்தி, கடைசியில் ஒரு முறை அளந்தால் போதும். கழற்றிய மூடிகளைச் சட்டைப் பையில் போடுங்கள்; மணலில் விழுந்தால் கிடைக்காது. காற்று குறைந்த டயரோடு சடாரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். 10 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் இந்த ஆபத்து மிக அதிகம்.

ஃபோர் ஹைக்கு (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) மாற்றுங்கள்; முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டும் சென்டர் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் போடுங்கள்; டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழலும்போதெல்லாம் அது இன்ஜின் சக்தியைக் குறைத்து, மேட்டின் பாதியில் வண்டியை நிறுத்திவிடும். நிற்க வேண்டுமென்றால் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக ஊர்ந்து நிற்க விடுங்கள். பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்பும்போது அதுவே தடையாகும். முடிந்தவரை இறக்கத்தில் முகம் பார்த்து நிறுத்துங்கள். மேட்டில் ஏறுவதும் இறங்குவதும் நேராகத்தான். சரிவில் குறுக்காக ஓட்டினால் வண்டி உருளும். நடுப்பகலில் நிழல் இல்லாததால் மேட்டின் விளிம்பும் அதற்கு அப்பால் உள்ள பள்ளமும் ஒரே நிறமாகத் தெரியும். காலையில் மணல் இறுகியும் இருக்கும், நிழலும் இருக்கும். பத்து மணிக்குள் மணல் வேலையை முடிப்பது நல்லது. அதற்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும்.

சிக்கிவிட்டால் முதல் வேலை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் ஆழமாக இறங்கும். அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரம் இருந்தும் பயனில்லை. எல்லாரும் இறங்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் பின்னாலுள்ள மணலையும், வண்டியின் வயிற்றுக்கு அடியில் முட்டும் மணலையும் மண்வெட்டியால் எடுங்கள். காற்றை 12க்கு இறக்குங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில், ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெல்ல எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அழுத்தப்பட்டு இறுகியிருக்கும், அதனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வேறு வண்டி இழுக்க வந்தால், கயிற்றைச் சேஸிஸோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. இழுவிசையில் அது பிய்ந்து குண்டு போலப் பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது. இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றாமல் ஓட்டாதீர்கள். 15 பிஎஸ்ஐயில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். பிதியா, அல் வாஸில் பக்கத்து டயர் கடைகளில் காற்றை இறக்குவதும் ஏற்றுவதும் தினசரி வேலை. இருந்தாலும் கையில் ஒரு கம்ப்ரஸர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னது ஒரு பெரிய டயருக்கே நீண்ட நேரம் எடுத்துச் சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கல் பாதைக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே 26, 28 பிஎஸ்ஐ போதும். அதற்கும் கீழே இறக்கினால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, கூரான கல்லில் கிழியும். பக்கச்சுவர்க் கிழிசலைப் பஞ்சர் திரியால் அடைக்க முடியாது, ஸ்டெப்னிதான் வழி.

இதனால்தான் வண்டி எடுக்கும் இடத்திலேயே அரை மணி நேரம் செலவிட வேண்டும். எஸ்யூவி என்று சொல்லித் தருவதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் அல்ல. பஜேரோ ஸ்போர்ட் போன்றவற்றில் இரு சக்கர இழுவை வகையும் உண்டு. உள்ளே ஃபோர் எல் என்று குறித்த குமிழோ லீவரோ இருக்கிறதா பாருங்கள், போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னி முழு அளவா, காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா, ஸ்டெப்னியை இறக்கும் நீளக் கம்பி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மணலில் ஜாக்கி புதையும். ஒரு கெட்டிப் பலகையை எடுத்து வையுங்கள். காப்பீட்டில் மண்பாதை அனுமதியா, மணலும் வாதியும் அனுமதியா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம், தண்ணீர் புகுந்த சேதம் ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டில் வராது. இந்தியாவிலிருந்து வருபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று, அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி ஓடுவது வலப்பக்கம். தார்ச்சாலையில் அரை நாளில் பழகிவிடும். ஒற்றை வண்டி அகலமுள்ள மலைப்பாதையில் சிக்கல் வேறு விதமாக வரும்: பள்ளம் வலப்பக்கம் இருந்தால், அந்த ஓரம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஜன்னலை இறக்கி, வலப்பக்கச் சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஏறும் வண்டிக்கு வழி. இறக்கத்தில் லோ கியரில் முதல் கியரைப் போட்டு இன்ஜினே பிடித்துக்கொள்ள விடுங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள், அழுத்திக்கொண்டே வராதீர்கள். கருகும் வாடை வந்தால் சமமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மழை. பள்ளத்தாக்கில் வானம் நீலமாக இருக்கும்போதே, மலைக்கு மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். பாறை மலை, மண் குறைவு, செடி குறைவு. விழும் தண்ணீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் மொத்தமும் ஒரே வேகத்தில் வாதிக்கு இறங்குகிறது. 2024 ஏப்ரலில் சமத் அஷ்ஷான் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியையே வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 இருந்தால் பெரிய ஜீப்பும் தாங்காது. ஓடும் வாதியைக் கடப்பது ஓமனில் சட்டப்படி குற்றம், சிறையும் அபராதமும் உண்டு. வானிலை அறிவிப்பில் ஹஜர் மலைப்பகுதிக்கு மழை என்று வந்தால், அன்றும் மறுநாளும் பள்ளத்தாக்குப் பாதைகளைத் தொடாதீர்கள். பாதையில் இருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

செல்போன் சிக்னல் இடுக்குகளில் இருக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண் 9999. தலைக்கு 5 லிட்டர் தண்ணீர், பாதை தொடங்கும் முன் கடைசி ஊரில் முழு டேங்க். லோ கியரிலும் மணலிலும் எரிபொருள் செலவு ஒன்றரை மடங்குக்குக் குறையாது.

மழை வந்து திட்டம் கலைந்தால் நிஸ்வாவில் நாள் வீணாகாது. வெள்ளிக்கிழமை காலை ஆட்டுச் சந்தை, நிஸ்வாக் கோட்டை, 1987ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பக்கத்து ஊரான பஹ்லாவின் கோட்டை எல்லாம் தார்ச்சாலையிலேயே இருக்கின்றன. அந்த நாளில் ஒரு டயர் கடையில் வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லி அடிப்பாகத்தையும் பார்த்துவிடுங்கள்: முந்தைய பயணத்தில் இன்ஜினுக்குக் கீழே உள்ள தகடு தளர்ந்திருக்கலாம், டயரின் உட்பக்கச் சுவரில் வெட்டு இருக்கலாம், சக்கரத்தின் உள்ளே கல் மாட்டியிருக்கலாம்.

திருப்பித் தரும் முந்தின நாள் தண்ணீர்ப் பீய்ச்சலில் அடிப்பாகத்தைக் கழுவி, நான்கு பக்கமும் டயர்களும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது எடுத்த படங்களோடு ஒப்பிட்டால் பழைய கீறல் எது, புதியது எது என்ற பேச்சுக்கு இடமிருக்காது.